காயங்குளம் கொச்சுண்ணி: பத்து ஆண்டு நாணயம், இருபது ஆண்டு கொள்ளை

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ரெயில் ஏறி வடக்கே வேலைக்குப் போகிற தமிழர்களுக்குக் காயங்குளம் ஜங்ஷன் புதிய இடம் அல்ல. கோட்டயம் வழியாகப் போகும் பாதையும் ஆலப்புழை வழியாகப் போகும் பாதையும் அங்கேதான் பிரிகின்றன. வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு சாயா குடித்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் மலையாளிகளின் நினைவுக்கு ஓடி வருவது ரெயில் அல்ல. ஒரு திருடனின் பெயர். கொச்சுண்ணி!

குன்னத்துகால் பகுதியிலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் பலர். அவர்களில் பேட்டையில் இறங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பேட்டைப் பள்ளிவாசலில்தான் கொச்சுண்ணி அடக்கம் செய்யப்பட்டான் என்று சொல்கிறார்கள். அவன் பிறந்த இடம் ரெயில் பாதையின் ஒரு முனை. அடங்கிய இடம் மறுமுனை. இடையில் அவன் வாழ்ந்தது 41 ஆண்டுகள். அதில் பத்து ஆண்டுகள் அவன் ஒரு கடையில் நாணயமாக வேலை பார்த்த பையன். கதை சொல்கிறவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி அதுதான்.

பசியில் புறப்பட்ட சிறுவன்

கொச்சுண்ணி பிறந்தது 1818-ஆம் ஆண்டு. கொல்லம் ஆண்டுக் கணக்கில் 993. காயங்குளத்துக்கு அருகே உள்ள கீரிக்காட்டில் ஓர் ஏழை முஸ்லிம் குடும்பம். தகப்பன் திருட்டுத் தொழில் செய்தவன். திருடியும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் பசியோடு படுத்தார்கள்.

பத்து வயது ஆனபோது கொச்சுண்ணிக்குப் பசி பொறுக்க முடியவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பினான். கால் போன போக்கில் நடந்து, கிருஷ்ணன் கோவில் இருக்கும் ஏவூருக்கு வந்து சேர்ந்தான். அங்கே ஓர் அந்தணரின் பலசரக்குக் கடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் என்பதெல்லாம் பிறகு. முதலில் வயிற்றுக்குச் சோறு கிடைத்தது.

பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்து, அந்நிய ஊரில், அந்நிய சாதிக்காரர் கடையில் எடுபிடி வேலைக்கு நின்ற ஒரு பையனை இங்குள்ளவர்கள் கற்பனை செய்து பார்க்கத் தேவை இல்லை. இன்றும் எத்தனையோ கடைகளில், ஓட்டல்களில் அப்படி வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

கொச்சுண்ணி அந்தக் கடையில் பத்து ஆண்டுகள் இருந்தான். சரக்கு நிறுத்துக் கொடுத்தான். கணக்கு கற்றுக்கொண்டான். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து வியாபாரம் எல்லாம் காயல் வழியாகவும் தோடுகள் வழியாகவும் நடந்தது. ரெயில் கிடையாது, நல்ல ரோடும் கிடையாது. கெட்டுவள்ளங்களில் சரக்கு வரும், போகும். வள்ளத்தில் வந்த மூட்டையை எண்ணி இறக்குவதும், கடையில் அடுக்குவதும், காசை எண்ணி முதலாளி கையில் கொடுப்பதும் கடைப் பையன் வேலை.

இந்தப் பத்து ஆண்டுகளில் அவன்மீது ஒரு சல்லிக்காசு குற்றம் சாட்டப்படவில்லை. திருடன் மகன் என்று ஊரெல்லாம் தெரியும். ஆனாலும் கடைப்பெட்டியில் கை வைத்தான் என்று யாரும் சொன்னதில்லை.

மறைந்து நின்று கற்ற வித்தை

அந்த நாட்களில் அப்பகுதியில் ஒரு தங்ஙள் (முஸ்லிம் பெரியவர்) இளைஞர்களுக்குக் களரி சொல்லிக் கொடுத்து வந்தார். வாள் வீச்சு, மல்யுத்தம், மதில் தாண்டுதல், கண்கட்டு வித்தை எல்லாம் அவருக்குத் தெரியும். கொச்சுண்ணிக்கு அதில் ஆசை பிறந்தது. போய்க் கேட்டான். தங்ஙள் மறுத்துவிட்டார். திருடன் மகனுக்கு இந்த வித்தையைக் கொடுத்தால் அதை எதற்குப் பயன்படுத்துவான் என்று அவர் அஞ்சினார்.

கொச்சுண்ணி விடவில்லை. இரவில் கடை வேலை முடிந்ததும் களரிக்குப் பக்கத்தில் மறைந்து நின்று பார்ப்பான். பார்த்ததைத் தனியே செய்து பழகுவான். கடைசியில் ஒருநாள் தங்ஙளிடம் அகப்பட்டுக்கொண்டான். அவன் மறைந்து நின்று கற்றதை அவர் சோதித்துப் பார்த்தார். எதிரே நின்று முறையாகக் கற்றவர்களைவிட நன்றாகவே செய்தான். அதன் பிறகு அவரே அவனைச் சீடனாக ஏற்றுக்கொண்டார்.

அவனுடைய வாழ்க்கையில் இரண்டு தடவை கதவு மூடப்பட்டது. முதல் தடவை மூடிய கதவு பிறகு திறந்தது. இரண்டாவது தடவை மூடியது திறக்கவே இல்லை.

வெல்லத்தால் வந்த வினை

கொச்சுண்ணிக்கு இருபது வயது. ஒருநாள் கடைக்கு ஒருவர் வெல்லம் வாங்க வந்தார். மலையாளத்தில் இதைச் சர்க்கரை என்பார்கள். கடையில் இருந்த வெல்லம் தீர்ந்துவிட்டது. மீதிச் சரக்கு முதலாளியின் வீட்டுக்குள் இருந்தது. வீட்டுக் கதவோ உள்ளே தாழிடப்பட்டிருந்தது.

வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்ப அந்தக் கடைப் பையனுக்கு மனம் வரவில்லை. ஒரு வியாபாரம் போகிறதே என்று நினைத்தான். களரியில் கற்ற வித்தை கைகொடுத்தது. மதிலைத் தாண்டிக் குதித்தான். ஓசைப்படாமல் உள்ளே போய் வெல்லத்தை எடுத்து வந்தான். நிறுத்துக் கொடுத்தான். காசை வாங்கி வைத்தான். முதலாளி வந்ததும் நடந்ததை அவனே சொல்லிக் காசையும் ஒப்படைத்தான்.

முதலாளி திடுக்கிட்டார். பூட்டிய வீட்டுக்குள் ஆள் வந்து போனது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இன்று வெல்லத்தை எடுத்தவன் நாளை எதை எடுப்பான்? அவன் எடுக்கவில்லை, ஆனால் எடுக்க முடியும். அந்த முடியும் என்ற நினைப்பே அவருடைய தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, சண்டை சச்சரவு இல்லாமல், அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்.

அவர் கெட்டவர் அல்ல. பத்து வயதில் பட்டினியோடு வந்தவனுக்குச் சோறு போட்டவர். ஆனாலும், பத்து ஆண்டு நாணயத்தை ஒரு நாள் சந்தேகம் ஜெயித்துவிட்டது. தகப்பன் திருடன் என்ற பழைய கணக்கு அன்று எடுத்துப் பார்க்கப்பட்டது. மகனுடைய சொந்தக் கணக்கில் இருந்த வரவு எடுபடவில்லை.

திருடன் ஆனான்

கொச்சுண்ணி கீரிக்காட்டுக்குத் திரும்பினான். கல்யாணமும் செய்துகொண்டான். வேறு வேலை கிடைக்கவில்லை. கையில் இருந்தது கரைந்தது. யாருக்கும் அகப்படாமல் மதில் தாண்டத் தெரிந்தவன், பசித்த வீடு, தகப்பனின் தொழில். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டன. முதலில் சிறு திருட்டு, பிறகு கூட்டாளிகள், பிறகு கொள்ளை. காயல் கரைகளிலும், ஆள் நடமாட்டம் இல்லாத வழிகளிலும், செல்வர் வீடுகளிலும் அவன் கைவரிசை காட்டினான். காயங்குளத்தைச் சுற்றியுள்ள பணக்காரர்களுக்கு அவன் சிம்ம சொப்பனம் ஆனான்.

யாரிடம் கொள்ளையடித்தான்? இங்கேதான் அவன் மற்றத் திருடர்களிலிருந்து வேறுபட்டான். அன்றைய திருவிதாங்கூரில் ஏழைகளைப் பிழிந்தவர்கள் பலவகை. பல இடங்களில் நிலம் ஜன்மிகள் கையில். ஆடி மாதத்தை மலையாளிகள் பஞ்சக் கர்க்கடகம் என்பார்கள். மழை கொட்டும், வேலை இருக்காது, வீட்டில் நெல் இருக்காது. அந்த மாதத்தில் பத்தாயத்தைப் பூட்டி வைத்திருப்பவன் சொன்னதுதான் விலை. கடன் வாங்கிய நெல்லுக்கு அறுவடையில் கூடுதலாக அளக்க வேண்டும். அளக்க முடியாதவன் அடுத்த ஆண்டும் கடன்காரன்.

சர்க்கார் ஊழியம் வேறு. கூப்பிட்டால் கூலி இல்லாமல் போக வேண்டும். மனிதரை அடிமையாக விற்கும் வழக்கமும் இருந்தது. 1855-ஆம் ஆண்டில்தான் அடிமை முறையை ஒழித்து அரச விளம்பரம் வந்தது. மிளகும் புகையிலையும் சர்க்காரின் ஏகபோகம். எல்லை வழியாகப் புகையிலை கள்ளத்தனமாக வரும். கள்ளக் கடத்தலில் கொழுத்தவர்களும் உண்டு. அதைப் பிடிக்கிறோம் என்ற பெயரில் கொழுத்தவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட நாட்டில், வட்டிக்குக் கொடுத்துச் சேர்த்தவனும் நெல்லைப் பதுக்கியவனும் கொள்ளை போனால், பார்த்துக்கொண்டிருந்த ஏழை ஏன் அழுவான்? கொள்ளையில் ஒரு பங்கு தன் குடிசைக்கே வந்தால் அவன் ஏன் காட்டிக் கொடுப்பான்?

கொச்சுண்ணி ஏழைகளுக்குக் கொடுத்தான். பெண்ணைக் கட்டிக் கொடுக்க வழி இல்லாதவனுக்கு, அடுப்பு எரியாத வீட்டுக்கு, கடனில் மூழ்கியவனுக்கு உதவினான் என்று கதைகள் உண்டு. பணக்காரர்களிடமும் அவனுக்கு ஒரு முறை இருந்தது என்பார்கள். முதலில் கடனாகக் கேட்பான். மரியாதையாகக் கொடுத்தவருக்குச் சொன்ன தவணையில் திருப்பிக் கொடுத்துவிடுவான். இல்லை என்று பொய் சொன்னவர் வீட்டுக்கு இரவில் வருவான். வாக்குத் தவறமாட்டான் என்ற பெயர் அவனுக்கு இருந்தது. கடைப் பையனாக இருந்தபோது கற்ற கணக்கு, கொள்ளைக்காரன் ஆன பிறகும் அவனை விடவில்லை போலும்!

கொல்லம் பக்கத்து இத்திக்கரையில் அதே காலத்தில் பக்கி என்ற இன்னொரு கொள்ளைக்காரன் இருந்தான். இத்திக்கரைப் பக்கியும் கொச்சுண்ணியும் நண்பர்கள் என்றும் மலையாளக் கதைகள் பேசுகின்றன.

ரத்தம் படிந்த கை

ஆனால் கொடுத்த கையில் ரத்தமும் படிந்தது. அதை மறைத்துவிட்டு அவன் கதையைச் சொல்வது சரி அல்ல.

வீட்டில் மனைவி இருக்கும்போதே கொச்சுண்ணிக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு ஏற்பட்டது. மனைவியின் தாய் அதைத் தட்டிக் கேட்டாள். மகளுக்காகத் தாய் கேட்ட நியாயமான கேள்வி அது. கொச்சுண்ணி அவளை அடித்துக் கொன்றான். உடலைப் பாயில் சுருட்டிக் காயலில் போட்டுவிட்டான்.

பணக்காரன் வீட்டில் நெல் போனபோது சிரித்த ஊர், இதைக் கேட்டு வாய் அடைத்துப் போனது. அந்தத் தாய் வட்டிக்காரி அல்ல. பதுக்கியவளும் அல்ல. அவனுடைய பலத்துக்கு எதிரே நின்ற ஓர் ஏழைப் பெண். ஏழைகளின் தோழன் என்ற பெயர் அந்த இடத்தில் பொய்த்துப் போகிறது.

திருட்டு வழக்கோடு கொலை வழக்கும் சேர்ந்தது. அவனைப் பிடித்தே தீர வேண்டும் என்று திருவனந்தபுரத்திலிருந்து கார்த்திகப்பள்ளி தாசில்தாருக்கு உத்தரவு வந்தது.

முதல் கைது

அன்று போலீஸ் என்று தனி இலாகா சரிவர அமையவில்லை. வரி வசூலிப்பதும் தாசில்தார். திருடனைப் பிடிப்பதும் தாசில்தார். அவருக்குக் கீழே சில சேவகர்கள். களரி தெரிந்த கொச்சுண்ணியை நேருக்கு நேர் பிடிக்க அவர்களால் ஆகாது. பிடிக்கப் போனாலும் ஊர் அவனை மறைத்துவிடும்.

எனவே தாசில்தார் சூழ்ச்சி செய்தார். கொச்சுண்ணி எந்தப் பெண்ணுக்காக மாமியாரைக் கொன்றானோ, அந்தப் பெண்ணையே வசப்படுத்தினார். ஒருநாள் இரவு அவன் வந்தபோது அவள் பால் கொடுத்தாள். பாலில் மயக்க மருந்து கலந்திருந்தது. குடித்தவன் சாய்ந்தான். மறைந்திருந்த சேவகர்கள் வந்து கட்டிக்கொண்டு போனார்கள்.

காவல் அவனைத் தாங்கவில்லை. மயக்கம் தெளிந்ததும் தப்பிவிட்டான். தப்பியவன் ஓடி ஒளியவில்லை. நேரே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவளைக் கொன்றான்.

இப்போது அவன் பெயரில் இரண்டு பெண்களின் உயிர் இருந்தது. இனி அவனுக்குச் சரணடைய வழி இல்லை. பிடிபட்டால் சாவு. பிடிபடாத வரை கொள்ளை. வேறு வாழ்க்கை இருக்கிறது என்று சொல்ல அந்த நாட்டில் ஆளும் இல்லை, சட்டமும் இல்லை.

நண்பர்கள் வைத்த விருந்து

அப்போது திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. திவான் மாதவராவ். கும்பகோணத்தில் 1828-ஆம் ஆண்டு பிறந்தவர். முப்பது வயதுக்குள் திவான் பதவிக்கு வந்து, 1872-ஆம் ஆண்டு வரை இருந்தவர். மிளகு ஏகபோகத்தை 1860-ல் ஒழித்ததும், நாட்டின் வரவு செலவை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததும் அவர் காலத்தில்தான். இத்தனை பெரிய சீர்திருத்தக்காரர் ஆட்சியில், காயல் கரை ஒருவன் கையில் இருக்க முடியாது.

மறுபடியும் பிடிக்க ஏற்பாடு நடந்தது. இந்தத் தடவை தாசில்தார் தேடிப் போனது கொச்சுண்ணியின் நண்பர்களை. அவர்களுக்கு என்ன ஆசை காட்டினார்களோ, என்ன பயம் காட்டினார்களோ! கூட இருந்தவர்களே விருந்துக்குக் கூப்பிட்டார்கள். பழகிய இடம், பழகிய முகங்கள். கொச்சுண்ணி சந்தேகப்படவில்லை. கொடுத்ததைக் குடித்தான். அதிலும் மயக்க மருந்து. கண் விழித்தபோது கை கால்களில் விலங்கு இருந்தது.

சந்தேகத்தால் வேலை இழந்தவன், சந்தேகப்படாததால் உயிர் இழந்தான்.

அவனைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று காயங்குளத்திலிருந்து தலைநகருக்கு ரெயிலில் சில மணி நேரம்தான். அன்று அது நீண்ட பயணம். காயல் வழியும் தோட்டு வழியும் தெற்கே வந்தால் வர்க்கலையில் குன்று குறுக்கே நிற்கும். அதைத் துளைத்து நீர்வழிச் சுரங்கம் திறந்தது 1880-ல். அதுவரை பயணிகள் வர்க்கலையில் இறங்கிக் குன்றைக் கடந்து, மறுபுறம் மீண்டும் வள்ளம் ஏற வேண்டும்.

சிறையில் 91 நாட்கள் இருந்தான். அதற்குள் இறந்துபோனான். 1859-ஆம் ஆண்டு, கொல்லம் ஆண்டு 1035. வயது 41. தூக்குக் கயிற்றுக்கு வேலை வைக்கவில்லை.

அதே ஆண்டு, அதே நாடு

1859 என்ற ஆண்டைத் தெற்குத் திருவிதாங்கூர் மறக்காது. அப்போது களியக்காவிளையில் எல்லை கிடையாது. ஆரல்வாய்மொழி வரை ஒரே ராஜ்யம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ந் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் நாகர்கோவிலும் ஒரே மன்னருக்கு வரி கட்டின.

இந்தத் தெற்குப் பகுதிகளில்தான் தோள்சீலைக் கலகம் நடந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணிந்ததற்காகச் சந்தைகளில் தாக்கப்பட்டார்கள். வீடுகள் எரிந்தன. கடைசியில் 1859 ஜூலை 26-ந் தேதி அரச விளம்பரம் வந்தது. மேலாடை அணியலாம்; ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது என்றது அந்த விளம்பரம்.

கொச்சுண்ணி இறந்த ஆண்டும் இதுதான். உடுத்திக்கொள்ளும் துணிக்கே மன்னர் உத்தரவு வேண்டியிருந்த நாட்டில், ஏழைக்கு நீதி எங்கே கிடைக்கும்? சட்டத்தில் நீதி கிடைக்காத இடத்தில் ஜனங்கள் கதையில் அதைத் தேடிக்கொள்வார்கள். கொச்சுண்ணியின் புகழுக்கு அவனுடைய வீரம் பாதிக் காரணம். அந்தக் காலத்தின் அநீதி மறுபாதிக் காரணம்.

கதை வளர்ந்தது

கொச்சுண்ணி இறந்தபோது, கோட்டயத்தில் ஒரு சிறுவனுக்கு நான்கு வயது. பெயர் சங்குண்ணி. பிற்காலத்தில் கொட்டாரத்தில் சங்குண்ணி என்று பெயர் பெற்ற எழுத்தாளர் அவரே. 1855-ல் பிறந்து 1937-ல் மறைந்தவர். மலையாள நாட்டு ஐதீகக் கதைகளைத் தேடித் தொகுத்தார். 1909 முதல் அவை ஐதீகமாலை என்ற பெயரில் எட்டுப் பாகங்களாக வெளிவந்தன. மன்னர்கள், மந்திரவாதிகள், யானைகள், யட்சிகள் நடுவே காயங்குளத்துத் திருடனுக்கும் அதில் ஓர் இடம் கொடுத்தார். வெல்லம் எடுத்த கதையும், பாலில் மருந்து கலந்த கதையும் இன்று நமக்குத் தெரிவது அந்தப் புத்தகத்தால்தான்.

பிறகு சினிமா வந்தது. 1966-ல் காயங்குளம் கொச்சுண்ணி என்ற மலையாளப் படம் வெளிவந்தது. கொச்சுண்ணியாக நடித்தவர் சத்யன். திருவனந்தபுரத்துக்காரர். பள்ளி ஆசிரியராகவும், தலைமைச் செயலகத்தில் கிளார்க்காகவும், ராணுவத்திலும் இருந்துவிட்டு, போலீஸ் அதிகாரியாகவும் வேலை பார்த்த பிறகே நடிகர் ஆனவர். திருடர்களைப் பிடித்த கை, திரையில் திருடனின் வாளைப் பிடித்தது! 2018-ல் நிவின் பாலி நடித்து மீண்டும் ஒரு படம் வந்தது. இத்திக்கரைப் பக்கியாக மோகன்லால் நடித்தார்.

பத்தனம்திட்டை மாவட்டத்தில் கோழஞ்சேரிப் பக்கம் இடப்பாறை மலதேவர் நடை என்று ஒரு கோவில் இருக்கிறது. அங்கே கொச்சுண்ணிக்கும் ஓர் இடம் உண்டு. இந்துக்கள் வழிபடும் இடத்தில் ஒரு முஸ்லிம் திருடனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். வெற்றிலை பாக்கும் புகையிலையும் வைக்கிறார்கள். பேட்டைப் பள்ளிவாசலில் அடங்கியவன் மலை அடிவாரத்தில் தெய்வம் ஆகிவிட்டான்.

கொல்லப்பட்ட இரண்டு பெண்களுக்கு விளக்கு ஏற்றுவார் இல்லை.

திரும்பி வர ஒரு வழி

கொச்சுண்ணியைப் போன்றவர்கள் வேறு நாடுகளிலும் வேறு காலங்களிலும் இருந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒருவன் உண்டு. நாங்குநேரி, களக்காடு பகுதிகளில் பாட்டாகவும் கதையாகவும் பேசப்படும் ஜம்புலிங்கம். அவனும் இருப்பவர்களிடம் பறித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தான் என்று பெயர் வாங்கியவன். டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவன் மனம் மாற முயன்றார். காவலில் இருந்தபோது அவன் கிறிஸ்தவனாக ஞானஸ்நானம் பெற்றான். மனம் மாறியது. ஆனால் வாழ்க்கை மாற வழி கிடைக்கவில்லை. காவலிலிருந்து தப்பினான். 1923-ல் கொல்லப்பட்டான். அம்மையார் அவனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

வடக்கே சம்பல் பள்ளத்தாக்கில் வேறு விதமாக நடந்தது. 1960 மே மாதம் வினோபா பாவே அங்கே நடந்தே போனார். இருபது கொள்ளைக்காரர்கள் அவர் முன்னால் துப்பாக்கியை வைத்தார்கள். 1971-ல் மாதோ சிங் என்ற பெரிய கொள்ளைக்காரன், பெயரை மாற்றிக்கொண்டு பாட்னாவுக்குப் போய் ஜெயப்பிரகாஷ் நாராயணனைப் பார்த்தான். தூக்கு இல்லை என்ற உறுதி கிடைத்தது. 1972 ஏப்ரலில் ஜௌரா என்ற ஊரில், காந்தி படத்தின் முன்னால் கூட்டம் கூட்டமாக ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். முங்காவலியில் அவர்களுக்காகத் திறந்தவெளிச் சிறை அமைந்தது. தண்டனை முடிந்து பலர் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார்கள். மாதோ சிங் வெளியே வந்து மேடையில் மாஜிக் காட்டிப் பிழைத்தான்.

அவர்கள் கொச்சுண்ணியைவிட நல்லவர்கள் என்று சொல்ல முடியாது. அவன் செய்ததைவிட அதிகக் கொலை செய்தவர்களும் அவர்களில் உண்டு. ஒரே வித்தியாசம், திரும்பி வர ஒரு வழியை யாரோ அவர்களுக்குத் திறந்து வைத்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் செய்த குற்றத்துக்குத் தண்டனையும் அனுபவித்தார்கள். பிறகு மனிதர்களாக வாழ்ந்தார்கள்.

கொச்சுண்ணிக்கு அந்த வழி இரண்டு இடங்களில் தேவைப்பட்டது. மாமியாரைக் கொன்ற பிறகு அவனுக்குத் தேவைப்பட்டது சட்டத்தின் வழி. அதை அந்தக் காலத்து அரசு அறியாது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால் அவனுக்குத் தேவைப்பட்டது மிகச் சிறியது. ஏவூர்க் கடையில் ஒரு தராசும், ஒரு படியும், அவற்றின் முன்னால் நிற்க ஓர் இடமும். அதைக் கொடுக்க அரசு வேண்டாம். ஒரு முதலாளியின் மனம் போதும்.

காயங்குளத்தில் கடைத்தெரு இன்றும் பெரிய கடைத்தெரு. அங்குள்ள கடைகளில் பிழைப்புத் தேடி வந்த பிள்ளைகள் இன்றும் சரக்கு நிறுத்துக் கொடுக்கிறார்கள். காசை எண்ணி முதலாளி கையில் ஒப்படைக்கிறார்கள். கொச்சுண்ணியும் பத்து ஆண்டுகள் அதைத்தான் செய்தான். அன்று வெல்லம் விற்ற காசையும் அவன் குறையாமல் ஒப்படைத்தான்.